தராசும் கொப்பியும்: உணவு உற்பத்தி அபிவிருத்தித் தொழில் பற்றி வாசகர் கேள்விகள்

இம்மாதம் வந்த கடிதங்களில் நான்கு ஒரே தொழிலைப் பற்றியே கேட்கின்றன. புதிய உணவுப் பண்டங்களை உருவாக்கிச் சந்தைக்குக் கொண்டுவரும் வேலைக்கு எப்படிச் செல்வது என்பதே அக்கேள்வி. யாழ்ப்பாணத்திலிருந்து இதை ஒருவர் கேட்பதே அரிதாக இருந்த காலத்தில் இத்தொழிலுக்கு வந்தவள் என்ற முறையில், ஒவ்வொன்றுக்கும் இயன்றவரை விரிவாகப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அம்மா, நான் கோண்டாவிலைச் சேர்ந்தவள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சி விவசாய பீடத்தில் பட்டம் முடித்து எட்டு மாதங்கள் ஆகின்றன. இறுதி ஆண்டு ஆய்வைப் பனங்களியில் செய்தேன். உற்பத்தி அபிவிருத்திப் பிரிவில் சேர விரும்பிக் கொழும்பில் இரண்டு நேர்முகத் தேர்வுகளுக்குச் சென்றேன். இரண்டிலும் அனுபவம் கேட்டார்கள். ஓரிடத்தில், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேண்டுமானால் இடம் தருவதாகச் சொன்னார்கள். நான் விரும்பியது அந்த வேலையல்ல. வீட்டில் அரச நியமனம் வரும்வரை பொறுத்திருக்கச் சொல்கிறார்கள். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அந்தத் தரக்கட்டுப்பாட்டு வேலை இன்னும் காலியாக இருந்தால், இந்தக் கடிதத்தை வாசித்து முடித்த கையோடு அவர்களுக்கு அழைப்பு எடுங்கள். நீங்கள் விரும்பும் மேசைக்குச் செல்லும் வழி பெரும்பாலும் அந்தக் கதவால்தான் போகிறது.

புதிய பண்டம் உருவாக்குவது என்றவுடன் நம்மில் பலர் நினைப்பது, யாருக்கும் தோன்றாத ஒரு சுவையைக் கண்டுபிடிப்பதை. சுவையைக் கண்டுபிடிப்பது இந்தத் தொழிலில் ஒரு சிறு பங்கு மாத்திரமே. இன்று நன்றாக வந்த சுவை நாளையும், அடுத்த மாரியிலும், வேறொரு தோட்டத்து மிளகாயிலும், உங்களை முன்பின் அறியாத ஒரு தொழிலாளியின் கையிலும் அதே சுவையாக வர வேண்டும் என்பதே பெரும் பங்கு. தரக்கட்டுப்பாட்டு மேசையில் இருப்பவர், ஒரு தடவையில் தயாராகும் ஒவ்வொரு தொகுதியையும் கையில் எடுத்துப் பார்க்கிறார். எந்தப் பொதி ஏன் திரும்பி வந்தது, எந்த இயந்திரம் எந்த வெக்கையில் முரண்டு பிடிக்கிறது, வாங்கிய கொத்தமல்லியின் ஈரப்பதன் கூடினால் அரைத்த தூள் ஏன் கட்டிபடுகிறது என்பன ஓராண்டில் அவருக்குக் கைவந்துவிடும். இதை அறியாமல் நேரே அபிவிருத்திப் பிரிவுக்குப் போனவர்கள், ஆய்வுகூடத்தில் அழகாக வந்த மாதிரியைத் தொழிற்சாலைத் தளத்தில் செய்துகாட்ட முடியாமல் திணறியதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

நானும் அப்படித் திணறியவள்தான். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது ஆண்டில், ஒரு தொழிற்சாலைக்காக யாழ்ப்பாணத்து முறையில் வறுத்த கறித்தூள் ஒன்றைத் தயாரித்தேன். செத்தல் மிளகாய், கொத்தமல்லி, மிளகு, சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை என்று எல்லாவற்றையும் தனித்தனியே நிறுத்து, தாச்சியில் அரைக் கிலோ வறுத்து இடித்தபோது வாசம் அறையை நிறைத்தது. ருசி பார்த்த எல்லோரும் சம்மதித்தார்கள். பிறகு அதே விகிதத்தில் 25 கிலோவை வறுக்கும் உருளையில் இட்டோம். நிறம் சரியாக வந்தவுடன் நெருப்பை நிறுத்திப் பெரிய பாத்திரம் ஒன்றில் கொட்டிக் குவித்துவிட்டு உணவுக்குப் போனோம். திரும்பி வந்து கையை விட்டுப் பார்த்தபோது குவியலின் நடுப்பகுதி இன்னும் சுட்டது. வெந்தயம் கருகிக் கைத்துவிட்டது; 25 கிலோவும் வீண். அரைக் கிலோ தாச்சியை விட்டு இறங்கிய உடனே ஆறிவிடும். ஆனால் குவியல் பெருக்கப் பெருக்க, அதன் எடைக்கு ஏற்ற அளவில் வெளிப்பரப்பு பெருகுவதில்லை. சூடு வெளியேற வழியின்றி உள்ளேயே நின்று, நெருப்பு இல்லாமலே வறுத்துக்கொண்டிருக்கும். அடுத்த நாள் என் செய்முறைத் தாளில், வறுத்தவுடன் தட்டுகளில் விரலளவு தடிப்பில் பரப்ப வேண்டும் என்ற ஒரு வரி சேர்ந்தது. எந்தச் சேர்மானமும் மாறவில்லை. அந்த ஒரு வரியே அந்தத் தூளைச் சந்தைக்கு அனுப்பியது.

அனுபவம் இல்லை என்று சொன்னவர்களுக்கு நீங்கள் காட்டக்கூடியது ஒரு கொப்பி. உங்களிடம் ஓர் ஆய்வு ஏற்கெனவே இருக்கிறது. பனங்களியின் கைப்புக்கு ஃபிளபெலிஃபெரின் எனப்படும் சபோனின் வகைச் சேர்மங்கள் காரணம் என்பதையும், அந்தக் கைப்பைக் குறைப்பது எவ்வளவு சிரமம் என்பதையும் நீங்கள் கையால் செய்து அறிந்திருப்பீர்கள். ஆனால் ஆய்வறிக்கை என்பது முடிவுகளைச் சொல்வது. வேலை தருபவர் பார்க்க விரும்புவது தோல்விகளையும், ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் நீங்கள் எதை மாற்றினீர்கள் என்பதையும். ஆகவே வீட்டில் ஒரே ஒரு பண்டத்தை எடுத்துக்கொண்டு இருபது முறை செய்யுங்கள். ஒரு கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு ஒன்றும், திகதியிட்ட கொப்பி ஒன்றும் போதும். ஒரு தடவையில் ஒன்றை மாத்திரம் மாற்றுங்கள். சீனியையும் புளிப்பையும் சேர்த்து மாற்றினால், எது பண்டத்தைத் திருத்தியது என்று உங்களுக்கே தெரியாது.

கருத்தக்கொழும்பான் காலத்தில் மாம்பழ ஜாம் செய்வதாக வைத்துக்கொள்வோம். பழச்சதை 500 கிராம், சீனி 450 கிராம், ஜாமை இறுக வைக்கும் பெக்டின் 4 கிராம், சித்திரிக் அமிலம் 3 கிராம்; மொத்தம் 957 கிராம். பழச்சதையில் கரைந்துள்ள திண்மம் 18 சதவீதம் என்று எடுத்தால் அது 90 கிராம். அதோடு சீனி, பெக்டின், அமிலம் மூன்றையும் கூட்ட 547 கிராம் வருகிறது. ஜாமில் கரைதிண்மம் ஏறத்தாழ 65 சதவீதம் இருக்க வேண்டும் என்றால், இறுதி எடை 840 கிராம் ஆகும்வரை காய்ச்ச வேண்டும். அதாவது 117 கிராம் நீர் ஆவியாக வேண்டும். பாத்திரத்தின் வெற்று எடையை முதலில் குறித்துக்கொண்டு, இடையிடையே இறக்கி நிறுத்துப் பார்த்தால், விலை கூடிய கருவி எதுவும் இல்லாமலே எங்கே நிறுத்துவது என்று தெரிந்துவிடும். "கரண்டியில் எடுத்து ஊற்றினால் நூல் போல விழ வேண்டும்" என்று எழுதியவரையும், "840 கிராமில் இறக்கினேன், அடுத்த தடவை 825 இல் இறக்கியபோது இறுகிவிட்டது" என்று எழுதியவரையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தால், யாரை வேலைக்கு எடுப்பார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ருசி பார்ப்பதும் இப்படியே ஒழுங்காக நடக்க வேண்டும். அம்மாவும் மாமியும் சித்தியும் நன்றாக இருக்கிறது என்றே சொல்வார்கள். அன்பினால் வரும் அந்த மதிப்பெண் பண்டத்துக்கு உதவாது. மூன்று சிறு கிண்ணங்கள் எடுத்து, இரண்டில் பழைய மாதிரியையும் ஒன்றில் புதியதையும் இட்டு, அவற்றுக்கு 417, 862, 539 போன்ற ஒழுங்கற்ற மூன்றிலக்க எண்கள் கொடுத்து, வேறுபட்டது எது என்று கேளுங்கள். இதை முக்கோணச் சோதனை என்பார்கள். வெறும் ஊகத்தில் சொன்னாலும் மூவரில் ஒருவர் சரியாகச் சொல்லிவிடுவார் என்பதால், பன்னிரண்டு பேரில் நால்வர் சரியாகச் சொன்னால் அதற்குப் பொருளில்லை; எட்டுப் பேராவது சரியாகச் சொன்னால்தான் இரண்டு மாதிரிகளும் உண்மையிலே வேறுபட்டவை என்று எடுத்துக்கொள்ளலாம். சீனியைக் குறைத்தது யாருக்கும் தெரியவில்லை என்று காட்ட வேண்டிய இடங்களில் இது மிகவும் பயன்படும். நம் நாட்டில் 2016 முதல் உடனே பருகும் பானங்களின் லேபலில் சீனியின் அளவைக் காட்டும் நிறக் குறியீடு இருக்கிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேற்பட்டால் சிவப்பு, 2 கிராமிலிருந்து 11 வரை செம்மஞ்சள், அதற்குக் கீழ் பச்சை. சிவப்பிலிருந்து செம்மஞ்சளுக்கு ஒரு பானத்தை இறக்கி, குடிப்பவர் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொள்வது, இப்போது பானத் தொழிற்சாலைகளில் அபிவிருத்திப் பிரிவுக்கு வரும் மெய்யான வேலைகளில் ஒன்று. உங்கள் கொப்பியில் அப்படி ஒரு சோதனை இருந்தால் நேர்முகத் தேர்வில் பேச்சு தானாகவே வேறு திசைக்குப் போகும்.

வீட்டாரின் கவலை நியாயமானதே. அரச நியமனத்துக்கு விண்ணப்பியுங்கள்; ஆனால் காத்திருக்கும் காலத்தை வீட்டில் கழிக்காதீர்கள். சேர்ந்த பிறகு ஆறு மாதம் உங்கள் வேலையைக் குறைவின்றிச் செய்துவிட்டு, அபிவிருத்திப் பிரிவினர் தளத்தில் பரீட்சார்த்தத் தொகுதி ஓட்டும் நாட்களில் உதவிக்கு நிற்க அனுமதி கேளுங்கள். அந்தப் பரீட்சைகள் பெரும்பாலும் வழமையான உற்பத்தி முடிந்த பின்னர், இரவில் நடக்கும். வரச் சம்மதிப்பவர்கள் குறைவு. கொழும்பில் தங்குமிட ஏற்பாட்டையும் அதற்கேற்றபடி முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாங்கள் பரம்பரைச் சைவம். மச்சம் தொடமாட்டேன். எனக்கு இந்தத் தொழில் சரிவருமா? (வாசகி, நல்லூர்)

பதில்: தாராளமாகச் சரிவரும். வாசனைத் திரவியங்கள், வெதுப்பகப் பண்டங்கள், பானங்கள், பழப் பதனிடல், தானிய மா வகைகள் என்று மச்சத்தைத் தொடாமலே ஒரு வாழ்நாள் முழுவதும் வேலை செய்யலாம். ஆனால் அதை நேர்முகத் தேர்விலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்; சேர்ந்த பிறகு சொன்னால் இரு தரப்புக்கும் சங்கடம். வெதுப்பகத்தில் முட்டையும், இனிப்பு வகைகளில் ஜெலற்றினும் வரும் என்பதையும் நினைவில் வைத்திருங்கள். ஜெலற்றின் விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. கடற்பாசியிலிருந்து வரும் அகர் அகர், பழங்களிலிருந்து வரும் பெக்டின் ஆகியவற்றைக்கொண்டு அதே இறுக்கத்தைப் பெறும் வழி தெரிந்த ஒருவருக்கு, சைவ உணவுப் பண்டங்களை ஏற்றுமதி செய்வோரிடம் நல்ல மதிப்பு உண்டு. உங்கள் வழக்கத்தை ஒரு குறையாக நினைக்க வேண்டாம்.

கேள்வி: உயர்தரத்தில் உயிர்முறைமைகள் தொழினுட்பவியல் எடுத்திருக்கிறேன். உணவுத் துறைக்குச் செல்ல எங்கே படிக்கலாம்? ஆங்கிலம் எனக்குப் பயம். (மாணவன், சாவகச்சேரி)

பதில்: தம்பி, உங்களுக்கு அருகிலேயே வழிகள் இருக்கின்றன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தொழினுட்ப பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. உங்கள் பாடப் பிரிவுக்குரிய பட்டம் அங்கு உண்டு. பல்கலைக்கழக அனுமதி கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டாம். அதே கிளிநொச்சியில் உள்ள இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவகத்தில் உணவுத் தொழினுட்பத்துக்கு ஒரு பிரிவு இருக்கிறது. தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழோடு வெளியே வரலாம். அந்தத் தகைமை படிப்படியாக உயர்ந்து பட்ட மட்டமாகிய ஏழாம் நிலை வரை செல்லக்கூடியது. பௌதிகம், இரசாயனம், உயிரியல் படிக்கும் உங்கள் நண்பர்களுக்கு பேராதனை, ஸ்ரீ ஜயவர்த்தனபுர, வயம்ப, சப்ரகமுவ பல்கலைக்கழகங்களில் உணவு விஞ்ஞானம் சார்ந்த பட்டங்கள் இருப்பதையும் சொல்லுங்கள்.

ஆங்கிலத்துக்குப் பயப்படும் உங்களிடம், சிங்களத்தையும் படியுங்கள் என்று நான் சொல்வது சுமையாகத் தோன்றலாம். ஆயினும் சொல்லியாக வேண்டும். செய்முறைத் தாள் ஆங்கிலத்தில் இருக்கும். தெற்கில் வேலை கிடைத்தால், கொதிகலனின் அருகே நிற்பவர் சிங்களத்தில் பேசுவார். முப்பது வருட அனுபவமுள்ள அந்தத் தொழிலாளி, இயந்திரம் ஏன் அடைக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வரும்போது உங்களுக்கு விளங்காவிட்டால், எந்தப் புத்தகமும் அந்த இடத்தை நிரப்பாது. நாளுக்குப் பத்துச் சொல் என்று இப்போதே தொடங்கினால், உயர்தரப் பெறுபேறு வரும்போது அச்சம் பாதியாகிவிடும்.

கேள்வி: எனக்கு 43 வயது. கரவெட்டியில் வீட்டிலிருந்து மோர்மிளகாய், நெல்லி ரசம், எண்ணெயில் ஊறவைத்த உள்ளி ஆகியவற்றைச் செய்து நெல்லியடிக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். சாதாரண தரம் வரையே படித்தேன். சென்ற மாரியில் மோர்மிளகாய் பதத்துப் பூஞ்சணம் பிடித்துத் திரும்பி வந்தது. ஆறு மாதம் கெடாது என்று லேபலில் போடலாமா? என்னைப் போன்றவர்களும் இதை ஒரு தொழிலாகக் கற்றுக்கொள்ள முடியுமா?

பதில்: அக்கா, முதலில் ஓர் அவசரமான வேண்டுகோள். எண்ணெயில் ஊறவைத்த உள்ளியை இன்றோடு நிறுத்துங்கள்; கடைகளில் இருக்கும் போத்தல்களையும் திரும்ப எடுத்துவிடுங்கள். உள்ளி மண்ணுக்குள் விளைவது. மண்ணில் வாழும் குளொஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்னும் பற்றீரியாவின் வித்திகள் அதில் ஒட்டியிருக்கலாம். கொதிநீர்ச் சூட்டிலும் அந்த வித்திகள் பிழைத்துக்கொள்ளும். காற்று இல்லாத, புளிப்புக் குறைந்த, ஈரமுள்ள இடமே அது பெருக ஏற்றது. எண்ணெயில் மூழ்கிய உள்ளி அந்த மூன்றையும் சேர்த்தே கொடுக்கிறது. அது உண்டாக்கும் நஞ்சு நரம்புகளைத் தாக்கி உயிரையே எடுக்கக்கூடியது. உணவின் மணமோ ருசியோ மாறாமலும் இருக்கும். இதுவரை யாருக்கும் ஒன்றும் நேரவில்லை என்பது பாதுகாப்புக்குச் சான்றாகாது. உள்ளியை வினாகிரியில் நன்கு ஊறவைத்து, உள்ளிருக்கும் சதை வரை பி.எச். பெறுமானம் (புளிப்பைக் காட்டும் எண்; புளிப்புக் கூடினால் இது குறையும்) 4.6 க்குக் கீழே இறங்கிவிட்டது என்று கருவியால் அளந்து உறுதி செய்த பின்னரே அந்தப் பண்டத்தை மீண்டும் தொடங்க வேண்டும். தொழிற்சாலைகளில் 4.6 ஐ விடக் கீழே இன்னும் இடைவெளி விட்டே வேலை செய்வார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

நெல்லி ரசத்தில் அந்த ஆபத்து இல்லை, நெல்லி இயல்பாகவே கடும் புளிப்பு. அங்கே தொல்லை தருவது மதுவமும் (ஈஸ்ட்) பூஞ்சணமும்தான். கொதிநீரில் தொற்று நீக்கிய போத்தலில், சூடு 85 பாகை செல்சியஸுக்குக் குறையுமுன் நிரப்பி, மூடியை இறுக்கிச் சில நிமிடம் தலைகீழாகக் கிடத்துங்கள். கெடாமல் வைக்கும் பாதுகாப்புப் பொருள் சேர்ப்பதானால் அதைத் தேக்கரண்டியால் அள்ளாமல் தராசில் நிறுத்துச் சேர்க்க வேண்டும். அனுமதிக்கப்பட்ட அளவு மிகச் சிறியது, கரண்டி அதற்கு உரிய அளவுகோல் அல்ல.

மோர்மிளகாயைப் பொறுத்தவரை, உங்கள் கைப்பக்குவத்தில் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. உப்பும் தயிரும் ஏறி, முறிக்கும்போது சத்தம் கேட்கும் பதத்துக்குக் காய்ந்த மிளகாயில், நுண்ணுயிர் பயன்படுத்தக்கூடிய நீர் மிகக் குறைவு. உணவு விஞ்ஞானத்தில் இதை நீர்ச்செயற்பாடு என்ற எண்ணால் அளக்கிறார்கள், அது 0.6 க்குக் கீழே இருந்தால் எந்த நுண்ணுயிரும் பெருகுவதில்லை. ஆனால் உப்பு ஏறிய பண்டம் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கடைத் தட்டில் மெல்லிய பொலித்தீன் பையில் தொங்கியது உங்கள் மோர்மிளகாய். அந்தப் பை ஈர ஆவியை உள்ளே விட்டிருக்கிறது. இதை நீங்களே கண்டுபிடிக்கலாம். ஒரே நாளில் காய்ந்த மிளகாயை மூன்று வகைப் பைகளில், ஒவ்வொரு வகையிலும் ஐந்தாகக் கட்டி, ஒவ்வொன்றையும் நிறுத்து எடையை அதன் மேலேயே எழுதி, கடையில் தொங்குவது போலவே வெளியே தொங்கவிடுங்கள். வாரம் ஒரு முறை நிறுத்துப் பாருங்கள். எடை கூடிய பை ஈரம் குடித்த பை. எடை மாறாமல் நிற்கும் பையைக் கண்டுகொண்ட பிறகு, அதில் கட்டிய மிளகாயை மாதம் ஒரு முறை திறந்து, பொரித்து, ருசி பார்த்துக் குறித்துக்கொண்டு வாருங்கள். ஏழாம் மாதம் வரை நல்லதாக இருந்தால் ஆறு மாதம் என்று போடலாம். நாலாம் மாதம் மணம் மாறினால் மூன்று என்றே போட வேண்டும்.

1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழேயே லேபல் விதிகள் வருகின்றன. உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, சேர்மானங்கள், நிறை, உங்கள் முகவரி ஆகியன இருக்க வேண்டும். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை நீங்களாகவே சென்று சந்தியுங்கள். அவர் முதலில் உங்களைத் தேடி வரும் நிலையை விட அது நல்லது. நீர்ச்செயற்பாட்டையும் பி.எச். பெறுமானத்தையும் கட்டணம் செலுத்தி அளந்து பெறக் கொழும்பிலுள்ள கைத்தொழில் தொழினுட்ப நிறுவகத்துக்கு மாதிரி அனுப்பலாம். பனம் பண்டங்கள் செய்யும் எண்ணம் இருந்தால் கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவகம் இருக்கிறது.

கற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்டீர்கள். பைகளைத் தொங்கவிட்டு வாரம்தோறும் நிறுத்து எழுதும் அந்த வேலைக்குத் தொழிற்சாலைகளில் வாழ்காலச் சோதனை என்று பெயர். பட்டம் பெற்றுச் சேர்பவர்களுக்கும் முதல் ஆண்டில் கொடுக்கப்படுவது அதுவே. மாரி தொடங்க முன்னர் பைகளைக் கட்டிவிடுங்கள். மூன்று மாதக் கணக்கோடு எனக்கு மீண்டும் எழுதுங்கள். எடைகளைப் பார்த்து அடுத்து எந்தப் பையை எடுப்பது என்று சேர்ந்தே முடிவு செய்வோம்.